ஒட்டுப்போர்வைக்குக் கத்தரி வைக்கும் முன்

வீட்டில் சேர்ந்துகிடக்கும் பழைய பருத்திப் புடவைகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த ஆசை எனக்கும் வந்தது. ஒன்றரை ஆண்டு அதில் போனது. கையிலிருந்து 28,000 ரூபாய் போனது. பணம் போனால் போகட்டும் என்று விடலாம். திரும்பக் கிடைக்காத சில புடவைகள் போனதைத்தான் இன்னும் மனம் ஏற்கவில்லை. தையல் மீதான ஆசை மட்டும் போகவில்லை. இன்றைக்கும் மாலையில் ஊசியும் நூலுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்தான் எனக்கு அந்த நாள் நிறைகிறது. ஆனால் இந்த இடத்துக்கு இவ்வளவு சுற்றி வந்திருக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லியிருந்தால் போதும்.

நாங்கள் மதுரைக்காரர்கள். வெயில் காலம் முழுக்க அம்மா கட்டியது புள்ளி போட்ட மதுரைப் பருத்திப் புடவையான சுங்குடிதான். அவர் காலமான பிறகு பீரோவைத் திறந்து அக்காவும் நானும் பட்டுகளைப் பங்கிட்டுக்கொண்டோம். சுங்குடிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள் அக்கா. எனக்கு மனம் வரவில்லை. அரக்கு, மயில்கழுத்து நீலம், மஞ்சள், பச்சை என்று அடுக்கி வைத்திருந்த அந்தப் புடவைகளை எல்லாம் சேர்த்து இரட்டைக் கட்டிலுக்கு ஒரு போர்வை தைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. வெளிநாடுகளில் குவில்ட் என்று தைக்கிறார்களே, அதுபோல. எங்கள் பக்கத்தில் போர்வை என்றால் கடையில் வாங்குவது. ஒட்டுத் துணி என்றால் கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது. துணியைத் துண்டு துண்டாக வெட்டித் திரும்பச் சேர்ப்பதை விருப்பத்துக்காகச் செய்கிற ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆகவே இணையத்தில் 4,500 ரூபாய் கட்டி ஒரு வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பு நடத்தியவர் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவர் சொன்னதெல்லாம் குளிர்நாட்டு முறை. மேலே ஒட்டுத் துணி, நடுவில் பஞ்சு ஷீட், அடியில் ஒரு துணி என்று மூன்று அடுக்கு. மேல் துணிக்கு இதற்கென்றே நெய்த, ஓரளவு கனமான புதுப் பருத்தி. இருபது ஆண்டு உடுத்தி, துவைத்து, மெலிந்துபோன சுங்குடிப் புடவை அந்த முறைக்குள் எப்படி அடங்கும் என்பது பாடத்தில் இல்லை. நீங்கள் ஏதாவது வகுப்பில் சேர்வதாக இருந்தால், பணம் கட்டும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: பழைய துணியில் தைக்கச் சொல்லித்தருவீர்களா? இல்லை என்றால், அந்த வகுப்பு நல்ல வகுப்பாகவே இருந்தாலும் உங்களுக்கானது அல்ல.

அடுத்து சாமான்கள். வீட்டில் மிதி மெஷின் ஒன்று நல்ல நிலையில் இருந்தது. பலவகைப் பூத்தையல் போடும் மின்சார மெஷின் இருந்தால்தான் குவில்ட் வேலை சரிவரும் என்று கடையில் சொன்னார்கள். 14,500 ரூபாய். இன்றுவரை அதில் நேர்தையலைத் தவிர வேறு எதையும் நான் போட்டதில்லை, ஏனென்றால் ஒட்டுத் துணி இணைக்க நேர்தையலே போதும். அதற்கு மிதி மெஷின் எந்த விதத்திலும் குறைவில்லை. சொல்லப்போனால் மெதுவாகவும் நேராகவும் ஓட்டுவதற்கு அதுதான் எனக்கு வசதி. வட்டக் கத்தி, அதை வைத்து வெட்டுவதற்கான பாய், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்கேல் ஆகியவற்றுக்கு 3,400. பாயை மொட்டைமாடி அறையில் வைத்திருந்தேன். மதுரை மே மாத வெயிலில் அது நெளிந்துபோனது, பிறகு தட்டையாகவே இல்லை. வெட்டுப் பாயை வெயிலும் சூடும் படாத இடத்தில் படுக்கை வசமாக வைக்க வேண்டும் என்று அதன் உறையில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. தொடங்குகிறவருக்கு இது எதுவும் வேண்டாம். துணிக்கு மட்டும் பயன்படுத்தும் ஒரு நல்ல கத்தரிக்கோல் (காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும்), துணியில் கோடு போடும் தையல் சாக்கு (சாக்பீஸ்), மரஸ்கேல், பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய ஒரு சதுர அச்சு. அவ்வளவுதான்.

இனிச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். புடவை வெளியிலிருந்து பார்க்க நன்றாக இருப்பதும் துணியில் தெம்பு இருப்பதும் ஒன்றல்ல. புடவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைவதில்லை. காலடி பட்டுக்கொண்டே இருக்கும் கீழ்க்கரை, உட்கார்ந்து எழும் இடம், தோளில் பின் குத்தும் இடம் ஆகியவை முதலில் நையும். பீரோவில் ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்தால் மடிப்புக் கோட்டிலும் இற்றுப்போகும். பட்டில் இது இன்னும் அதிகம். ஆகவே கத்தரிக்கோலைத் தொடும் முன் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். நைந்த இடத்தில் வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். பிறகு இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்து நெடுக்கில் ஒரு முறை, குறுக்கில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். தெம்பான துணி இழுத்துக்கொண்டு நிற்கும். இற்ற துணி, கிழியும் முன்பே, விரலுக்கடியில் இழை விட்டுக்கொடுப்பது தெரியும். அந்தப் பகுதியை மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஒதுக்கிவிட வேண்டும். ஒரு முழுப் புடவையில் பாதிதான் தேறும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

இதெல்லாம் தெரியாத காலத்தில், உண்மையைச் சொன்னால், நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். 5 அங்குலச் சதுரம் வர வேண்டும் என்றால் நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு ஐந்தரை அங்குலமாக வெட்ட வேண்டும். இரட்டைக் கட்டில் அளவுக்கு அகலத்தில் 18, நீளத்தில் 20, ஆக 360 சதுரங்கள். கட்டில்மீது அவற்றைப் பரப்பி, அரக்கை நகர்த்தி மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்து, நீலத்தை எடுத்து மூலைக்குக் கொண்டுபோய், சமையல்கூட மறந்து நின்ற மாலைகள் உண்டு. அக்கா வந்து பார்த்து, இது தீபாவளிக்குக் கட்டியது, இது உன் வளைகாப்புக்குக் கட்டியது என்று ஒவ்வொரு சதுரத்தையும் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். இந்த வேலையில் அந்த இன்பத்துக்கு ஈடு வேறில்லை.

கால் அங்குலம் என்று சொன்னேன் அல்லவா, அதில் பிசகினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வரிசையில் 18 சதுரம் என்றால் 17 தையல். ஒவ்வொரு தையலிலும் இரு பக்கமும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிப்போனாலே, வரிசை முடிவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். அடுத்த வரிசையோடு மூலைகள் சேராது. மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து ஒரு ஒட்டுநாடாவை நேராக ஒட்டிவிட்டால் துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகும். கண் அளவை நம்ப வேண்டியதில்லை. மெல்லிய துணிக்கு 11 எண் ஊசி போடுங்கள். தடித்த ஊசி பழைய இழையை அறுத்துவிடும்.

மேல் துணி முடிந்ததும் பஞ்சு ஷீட்டும் அடித்துணிக்குக் காடாவும் 2,600 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று அடுக்கையும் சேர்த்து மெஷினில் தைக்கப் பார்த்தபோதுதான், வீட்டு மெஷினின் கழுத்துக்குள் அவ்வளவு பெரிய சுருட்டல் போகாது என்பது புரிந்தது. ஒரு பக்கத்தை என் கணவர் தூக்கிப் பிடிக்க, மறு பக்கத்தை நான் தள்ள, தையல் பாம்பாக நெளிந்தது. பிரித்துவிட்டு, மெத்தை உறை தைக்கும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். கூலி 3,000 ரூபாய். அவர்கள் மெத்தைத் துணிக்குப் போடும் அதே தடித்த ஊசியும் முரட்டு நூலுமாகக் குறுக்கும் நெடுக்குமாக அடித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தபோது, தையல் ஓடிய கோட்டிலேயே பல சதுரங்கள் வாய் பிளந்திருந்தன. கேட்டதற்கு, பழைய துணிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அவர்களிடம் சண்டை போடத் தெம்பில்லாமல் ஆட்டோவில் அழுதுகொண்டு வந்தேன். இத்தகைய இடத்தில் கொடுப்பதாக இருந்தால், அதே பழைய துணியில் ஓர் அடிச் சதுரம் தைத்து, பஞ்சும் அடித்துணியும் வைத்து, முதலில் அதை மட்டும் அடித்துத் தரச் சொல்லுங்கள். கிழிந்தால் அந்த ஓர் அடியோடு போகும்.

பிளந்த இடங்களுக்குக் கைத்தையலால் ஒட்டுப் போட்டு ஒருவாறு சரிசெய்து, முதல் தண்ணீருக்குப் போட்டேன். அரக்குச் சதுரங்களின் சாயம் மஞ்சளிலும், அடியில் இருந்த காடாவிலும் ஏறிவிட்டது. அம்மா எத்தனையோ முறை துவைத்த புடவைகள், இனி எங்கே சாயம் போகப்போகிறது என்று நினைத்திருந்தேன். அம்மா வண்ணத்துக்கு ஒன்றாகப் பிரித்துத் தண்ணீரில் அலசி, உடனே பிழிந்து நிழலில் போடுவார். நான் எல்லா நிறத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, பஞ்சும் வைத்து, சோப்புத் தண்ணீரில் போட்டிருந்தேன். பஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஈரத் துணிகள் மணிக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டியே கிடந்தன. கல்லுப்பில் ஊறவை, வினிகரில் ஊறவை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சாயம் ஏற்றுகிற நேரத்தில் சாயத்தொட்டியில் உப்பு உதவும். ஏற்கெனவே சாயம் ஏறிய பருத்தியில் ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தை உப்போ வினிகரோ கட்டிவைக்காது. அந்த மிச்சத்தை வெளியேற்றுவதுதான் வழி. வெட்டும் முன், ஒவ்வொரு புடவையையும் தனித்தனி வாளியில், கை பொறுக்கும் வெந்நீரில் சலவைத்தூளோடு ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். பிறகு ஈரமான வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஒட்டினால் அந்தப் புடவையை வேறு நிறங்களோடு சேர்க்காதீர்கள். தைத்து முடித்த பிறகு சாயம் ஏறிவிட்டால், காயவிடாமல் அப்படியே நிறைய வெந்நீரிலும் சோப்பிலும் மூழ்கவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்வரை நிறைய கழன்று வரும். எனக்கு இது தெரிந்தபோது போர்வை கொடியில் காய்ந்து முடிந்திருந்தது.

அதைப் பரணில் ஏற்றிவிட்டு மாதக்கணக்கில் ஊசியைத் தொடவில்லை. அம்மாவின் புடவைகளை முழுதாக வைத்திருந்தாலாவது எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணம் இரவில் வந்து தூக்கத்தைக் கெடுத்தது. பழைய பொருளில் கைவேலை செய்கிறவர்கள் இந்த வேதனையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகவே இன்னொன்றும் சொல்கிறேன்: உங்களுக்கு மிகவும் பிரியமான ஒரு புடவையையாவது வெட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு நாள், ரவிக்கை அளவு மாற்றுவதற்காக, முன்பு மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் கல்தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டிருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கும் தையல்காரர்களில் ஒரு பெரியவரிடம் போனேன். பேச்சுவாக்கில் போர்வைக் கதையைச் சொன்னேன். கொண்டுவாருங்கள் என்றார். மறுநாள் கொண்டுபோனதும் அவர் போர்வையை விரிக்கவே இல்லை. ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போய், “இங்கே தெம்பு இருக்கிறது, இங்கே இல்லை, இது நாலு தண்ணீருக்குத் தாங்காது அம்மா” என்று சாக்கால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். “பெரிதாக ஏன் தைக்கிறீர்கள்? நல்ல இடத்தை மட்டும் எடுத்துச் சின்னதாகத் தையுங்கள். தப்பினாலும் ஒரு சாயங்காலம்தானே போகும்?” கூலி வாங்க மறுத்துவிட்டார். “அண்ணே, டீக்காவது வாங்கிக்கொள்ளுங்கள்” என்று வற்புறுத்திக் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

அவர் கோடு போட்ட இடங்களிலிருந்து நான் முதலில் தைத்தது ஒரு சுருக்குப் பை. அதை எப்படித் தைத்தேன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தொடங்குவதற்கு இதைவிட நல்ல வேலை இல்லை. 9 அங்குலத்துக்கு 11 அங்குலத்தில் இரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே சுங்குடி, நடுவில் பழைய வேட்டித் துணி, உள்ளே இன்னொரு புடவைத் துண்டு, பஞ்சு கிடையாது. மூன்றையும் அடுக்கி, அகலத் தையலில் நூலோட்டிப் பிடித்துக்கொண்டேன். பிறகு சுங்குடியின் புள்ளிகளையே அளவாக வைத்து, புள்ளிக்குப் புள்ளி ஊசியை இறக்கி ஏற்றினேன். நாலைந்து இழுப்பை ஊசியிலேயே சேர்த்துக்கொண்டு ஒரே இழுவையில் நூலை உருவும்போது துணி லேசாகச் சுருங்கி, இரண்டு வரித் தையலுக்கு நடுவே மேடு எழும்பும். விரல் வைத்தால் மெத்தென்று இருக்கும். புள்ளி வரிசையே கோடாக இருப்பதால் சாக்கு வேண்டாம், ஸ்கேல் வேண்டாம். குட்டையான கை ஊசியும், ஊசி குத்தாமலிருக்க நடுவிரலில் மாட்டும் அங்குஸ்தான் உறையும் போதும். மேல் ஓரத்தை மடித்து நாடா போகும் வழி விட்டு, பக்கங்களைச் சேர்த்து, பிசிறு தெரியாமல் உள்ளே மூட ஒரு கிராஸ் பீஸ் (சாய்வாக வெட்டிய துணிப்பட்டை) வைத்துத் தைத்தால் முடிந்தது. அரக்கையும் அரக்கையும்தான் சேர்த்தேன். சாயம் போனாலும் தெரியாது.

பஞ்சு இல்லாமல் தைக்கும் இந்த முறை நம் நாட்டில் பழையது. வங்கத்தில் காந்தா என்று பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் கவந்தி என்ற போர்வையை ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றிக் கையாலேயே தைத்து முடிக்கிறார்கள். மூலை சேர வேண்டும் என்ற கவலையே அதில் இல்லை. நம் வெயிலுக்கும் நம் மெல்லிய துணிக்கும் இவைதான் பொருந்தும். 4,500 ரூபாய் வகுப்பில் கிடைக்காத இந்த விவரத்துக்காக எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

உடம்பையும் கவனியுங்கள். கத்தரிக்கோலும் ஊசியும் மாறி மாறிப் பிடித்ததில் என் வலது கட்டைவிரலின் அடிப்பகுதியிலிருந்து மணிக்கட்டுவரை வலி ஏறி, பால் பாக்கெட்கூடத் தூக்க முடியாமல் பிசியோதெரபிக்குப் போனேன். அந்தச் செலவை 28,000 ரூபாயில் சேர்க்கவில்லை. தரையில் குனிந்து வெட்டாமல் மேசையில் நின்றபடி வெட்டுவது, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறுவது, வெளிச்சம் கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து விழும்படி உட்காருவது ஆகியவற்றால் வலி மீண்டும் வரவில்லை.

இப்போது பிடிதுணி, தலையணை உறை, கண்ணாடிக் கூடு, பேத்தியின் பென்சில் பை என்று தைக்கிறேன். பார்ப்பவர்கள் விலை கேட்கிறார்கள். ஒரு பைக்குப் போகும் நேரத்தைக் கூலியாகப் போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். குறைத்துக் கொடுத்தால் எனக்கு இது வேலையாகிவிடும். ஆகவே விற்பதில்லை, கொடுப்பதோடு சரி. பிறந்த குழந்தைக்குப் போர்த்தக் கேட்கிறவர்களுக்கு மட்டும் கொடுக்க மாட்டேன். ஒரு வயதுக்குள் உறங்கும் குழந்தையின் அருகே தளர்வான போர்வை எதுவும் இருக்கக் கூடாது. முகத்தில் ஏறினால் மூச்சு முட்டும். தரையில் விரித்து, நாம் பக்கத்தில் இருக்கும்போது கிடத்தி விளையாடவைக்கத் தடித்த விரிப்பு வேண்டுமானால் தைத்துத் தருகிறேன்.

கடைசியாக, பழகுவதற்குத் துணி எங்கே கிடைக்கும் என்பது. கிலோக் கணக்கில் விற்கும் வெட்டுத்துணியை மூட்டையாக வாங்காதீர்கள். அதில் பாதிக்கு மேல் பனியன் துணியாக இருந்தால் இழுத்த பக்கம் நீண்டு, எந்தச் சதுரமும் சதுரமாக நிற்காது. உங்கள் ரவிக்கை தைப்பவரிடம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் கேளுங்கள். மெஷினுக்கு அடியில் குவிந்துகிடக்கும். பெரும்பாலும் சும்மாவே தருவார். நெட், சாட்டின், ஜரிகைத் துண்டுகளை அங்கேயே ஒதுக்கிவிடுங்கள். பருத்தியா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவி, தண்ணீர்த் தொட்டியின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். லைனிங் துணி கிடைத்தால் ஓர் இரவு ஊறவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், அது நிச்சயம் சுருங்கும். அந்தத் துண்டுகளில் இரண்டு மூன்று சுருக்குப் பை தைத்துக் கை பழகிய பிறகு பீரோவைத் திறந்தால் போதும்.